நாற்காலிக்குக் கொடுத்த வேஷம்

எஸ்தரக்கா இறந்த செய்தி எனக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்தது. புதுவாயல் கூட்டுரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ் மாட்டிக்கொண்டு நின்றது. எங்கள் நாடகக் குழுவில் நடிக்கும் வசந்தி போனில் அழுதுகொண்டே சொன்னார்: "எஸ்தரக்கா பூட்டாங்க சார். காலைல நெஞ்சு வலின்னாங்களாம். ஆட்டோ வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சி." பின்சீட்டில் ஒருவர் போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவரை ஓங்கி அறையலாம் போலிருந்தது. பாவம், அவர் ஒரு தப்பும் செய்யவில்லை.

மத்தியானத்துக்குள் குழுவின் வாட்ஸப்பில் கும்பிடும் கைகள் வந்து குவிந்தன. பேனர் அடிக்கப் படம் கேட்டார்கள். எல்லோரும் தேடினோம். என் போனில் மட்டுமே நாடகப் படங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, அதில் பாதி என் முகம். மேடையில் எஸ்தரக்கா நிற்கும் படம் ஒருவரிடமும் இல்லை. ஒரு படத்தில் திரைக்கு ஓரமாக அவருடைய முழங்கை தெரிந்தது. கடைசியில் கம்பெனி அடையாள அட்டையிலிருந்த படத்தைப் பெரிதாக்கி அடித்தார்கள்.

அவரோடு வேலை செய்தவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எஸ்தரக்காவுக்கு வீடு புதுவாயல் பக்கத்து ஆரணியில், வேலை கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில். எங்கள் குழுவில் எல்லோருமே ஷிப்டு ஆட்கள். ஒத்திகைக்கு அத்தனை பேரும் சேர்ந்து வந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றைக்கூட எனக்கு நினைவில்லை. யார் வரவில்லையோ அவருடைய இடத்தில் எஸ்தரக்கா நின்று வசனம் பேசுவார். ஒரு மத்தியானம் போலீஸ்காரராகவும், அவர் பிடித்துப்போகும் ஆளாகவும், அந்த ஆளின் மனைவியாகவும் அவரே மாறி மாறி நின்றார். மனைவியாக அழுதபோது டீ கொண்டுவந்த கடைக்காரர் கிளாஸ்களைக் கீழே வைக்க மறந்து நின்றுவிட்டார். நாங்கள் அதற்கும் சிரித்தோம்.

ஒத்திகைக்கு அரை மணி முன்பே வந்து, தரையில் மஞ்சள் டேப் ஒட்டுவார். தொழிற்சாலைகளில் நடக்கும் வழியைக் காட்ட ஒட்டுவார்களே, அதே டேப். மேடையின் நீள அகலம், கதவு, ஜன்னல், நாற்காலி எல்லாம் அந்த டேப்பில் வந்துவிடும். யாராவது தெரியாமல் கோட்டைத் தாண்டினால் விடமாட்டார். "இன்னாபா, செவுத்துல புகுந்து போய்க்கினு கீற? பேயா நீ?" என்பார். புதிதாக நடிக்க வந்தவர்கள் வசனத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். அவர்களிடம், "வாய் தானா பேசும். மொதல்ல காலு எங்க நிக்கணும்னு தெரிஞ்சிக்க" என்பார். நாடகம் போடுவதைப் பற்றி நான் படித்த புத்தகங்களில் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லவில்லை. ஆனாலும் டைரக்டர் என்ற பெயர் எனக்குத்தான் இருந்தது.

கடைசி நாடகத்தை எழுதி முடித்ததும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து படித்தோம். தொழிற்சாலை விபத்தில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய், அவரிடம் சமாதானம் பேச வரும் கம்பெனி ஆட்கள். அவ்வளவுதான் கதை. படித்து முடித்ததும் எஸ்தரக்கா எல்லோர் முன்னாலும் கேட்டார்: "டைரக்டரே, இந்த அம்மா வேஷத்த ஒரு தபா நான் கட்டட்டா?"

"அடுத்த நாடகத்தில் பார்க்கலாம் அக்கா" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. வேஷம் வசந்திக்குப் போனது. எஸ்தரக்கா முகம் சுளிக்கவில்லை, டேப்பை எடுத்துக்கொண்டு தரையை அளக்கப் போய்விட்டார்.

அந்த நாடகத்தைச் சென்னையில் ஒரு அரங்கில் போட்டோம். மாலை ஆறரைக்கு ஆரம்பம். நாலு மணிக்கு வசந்தியிடமிருந்து செய்தி வந்தது. அடுத்த ஷிப்டுக்கு ஆள் வராததால் அவரை வெளியே விடவில்லை. எல்லோரும் எஸ்தரக்காவைப் பார்த்தார்கள். வசனம் முழுக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அதற்குள் அவர் வசந்தியின் புடவையைப் பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்தார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீங்க மேடைக்குப் போயிட்டா லைட்டுக்கு யார்க்கா சைகை காட்டறது? ஆளுங்களை நேரத்துக்கு உள்ள அனுப்பறது யாரு?" அப்போது எனக்கு அது நியாயமான கேள்வியாகவே தோன்றியது. அந்த வேலையை நான் செய்திருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு வரவே இல்லை. முன்வரிசையில் உட்கார்ந்து என் நாடகத்தை நான் பார்க்க வேண்டுமே!

மேடை நடுவில் ஒரு நாற்காலி போடச் சொன்னேன். தாய் அதில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டு மற்றவர்கள் நடிக்கட்டும், எஸ்தரக்கா திரைக்குப் பின்னாலிருந்து வசனம் பேசட்டும் என்றேன். கையிலிருந்த புடவையை அவரே அந்த நாற்காலியின் மேல் விரித்துப் போட்டார். மடிப்பு சரியாக விழவில்லையென்று இரண்டு முறை எடுத்துத் திரும்பப் போட்டார். ஒரு கையால் விளக்குக்குச் சைகை காட்டிக்கொண்டே அந்தத் தாயின் குரலில் பேசினார். அரங்கம் மூச்சு விடாமல் கேட்டது. முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு பத்திரிகையில் அந்த வெற்று நாற்காலியைப் பாராட்டி எழுதினார்கள். தாயின் வெறுமையைக் காட்ட முதலிலிருந்தே அப்படித்தான் யோசித்து வைத்திருந்தேன் என்று கேட்டவர்களிடமெல்லாம் கூச்சமில்லாமல் அளந்தேன்.

அடுத்தடுத்த ஊர்களில் வசந்தி வந்தும் அவருக்கு வேஷமில்லை. நாற்காலிதான் நடித்தது. ஒருநாள் வேனில் திரும்பும்போது எஸ்தரக்கா சொன்னார்: "நாக்காலி நல்லா நடிக்குது டைரக்டரே. அதுக்கு ஷிப்டும் கெடையாது, பசியும் கெடையாது." வேனே சிரித்தது. நானும் சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் என் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது.

போன ஞாயிறு புதுவாயலில் இரங்கல் கூட்டம். மேடையில் அந்த நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு மாலை போட்டிருந்தார்கள். எங்கள் குழுவின் தலைவர் திருநின்றவூரிலிருந்து வந்து பேசினார். நல்ல மனிதர்தான். "எஸ்தர் அம்மா விளம்பரத்தை விரும்பாதவர். திரைக்குப் பின்னால் இருப்பதையே விரும்பியவர்" என்றார். கூட்டம் தலையாட்டியது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து போய் நாற்காலியிலிருந்த மாலையை உருவி எஸ்தரக்காவின் படத்தின் மேல் போட்டேன்.

"என்ன சார் இது, துக்கம் நடக்கற இடத்துல?" என்றார் தலைவர்.

"அவங்க விரும்பலைன்னு உங்ககிட்ட யார் சொன்னது?" என்று கத்தினேன். கத்தியிருக்கக்கூடாது என்று பிறகு பலர் சொன்னார்கள். சொன்னவர்களில் யாரும், எஸ்தரக்கா வேஷம் கேட்ட அன்று அந்த வட்டத்தில் உட்கார்ந்திருந்ததை மறுக்கவில்லை.

கூட்டம் முடிந்து வெளியே நின்றபோது எஸ்தரக்காவின் மகள் ஷைனி என்னிடம் வந்தார். நர்சிங் படிக்கிற பெண். எங்கள் நாடகம் எதையும் பார்த்ததில்லை.

"அங்கிள், அம்மா நடிச்ச வீடியோ எதுனா வெச்சிருக்கீங்களா? கடைசி டிராமாவுல அந்த அம்மா வேஷம் நாந்தான்னு சொன்னாங்களே. ஊட்ல சமைச்சிக்கினே டயலாக் சொல்லிக்கினு இருப்பாங்க. எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சி. அத போட்டுப் பாக்கணும்."

வீடியோ இருக்கிறது. அதில் நாற்காலி இருக்கிறது. என்னால் மழுப்பியிருக்க முடியும், அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. ஆனால் நடந்ததை முழுக்கச் சொன்னேன். அந்தப் பெண் அழவில்லை. "அந்த நாலு மணிக்கு, புடவ எடுத்தாங்கன்னீங்களே, கட்டிக்கினாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லம்மா. நான் கட்ட விடலை."

அவர் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

நண்பர்களே, மறைந்தவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டோம் என்று சொல்லி முடிப்பதுதான் முறை. பொறுமை, எளிமை, தன்னடக்கம் என்று நீங்கள் அடுக்கிவிட்டீர்கள். அதெல்லாம் உங்களிடமே இருக்கட்டும். எஸ்தரக்காவுக்கு நடிக்க ஆசை இருந்தது. வாய் திறந்து கேட்டார். நான் கொடுக்கவில்லை. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். அவர் திரைக்குப் பின்னால் இருப்பதையே விரும்பினார் என்று இனி எந்த மேடையில் யார் பேசினாலும், எழுந்து நின்று இதைச் சொல்வேன்.