போணி டிக்கெட்

பத்து மணிக்குள் ராமநாதபுரம் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால், ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எனக்குக் கிடைத்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். வந்த கார்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. உப்பூரிலிருந்து காலையில் கிளம்புவது ஒரே பஸ். அதை விட்டால் மத்தியானம்தான். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. புருஷன் போய், வெள்ளைச் சேலை கட்டி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

விடிந்ததும் விடியாததுமாக முதல் ஆளாகப் போய் நின்றது நான் செய்த தப்பு. படியில் கால் வைக்கப் போனேன். கண்டக்டர் தலையைச் சொறிந்தான்.

"இன்னொரு ஆளு ஏறட்டும்க்கா. போணி டிக்கெட்டு பாருங்க... எனக்கு ஒண்ணுமில்ல, டிரைவரண்ணன்தான் மனசு சங்கடப்படுவாரு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நேரே டிரைவரிடமே போய்க் கேட்டேன்.

"நான் எப்பம்மா அப்பிடிச் சொன்னேன்? மொதலாளிக்குத்தான் இதெல்லாம் ஆகாது" என்றார்.

முதலாளி எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். "எனக்கென்ன தாயி? ஓட்டுற பயலுக மனசுல ஏதாச்சும் விழுந்துட்டா வண்டி நேரா போகுமா?" என்றார்.

மூன்று பேருக்கும் நம்பிக்கை கிடையாது. அடுத்தவனுக்கு இருக்கிறது என்பதில் மட்டும் அசைக்க முடியாத நம்பிக்கை. இதை வைத்துக்கொண்டு ஒரு பஸ் கம்பெனியே ஓடிக்கொண்டிருந்தது.

கோபப்பட்டு என்ன செய்ய? ஓரமாக நின்றேன். டிரைவர் ஏறி உட்கார்ந்து இன்ஜினை ஓடவிட்டார். சாலையில் ஈ காக்கை இல்லை. இந்த இடம் போனால் மறுபடி அண்ணன் வீட்டு அடுப்படிதான், அண்ணியின் முகம்தான். யாராவது வாங்களேன் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். ஓர் ஆண்பிள்ளை, இல்லையென்றால் பொட்டு வைத்த ஒருத்தி.

கடைசியில் கருவாட்டுக் கூடையோடு கடற்கரைப் பக்கத்து அம்மா ஒருத்தி ஓடிவந்தாள். கழுத்தில் ஜெபமாலை. வேதக்காரப் பெண்கள் பொட்டு வைப்பதில்லை என்பதால் நெற்றியைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. கண்டக்டர், "வாங்க ஆத்தா, வாங்க" என்று முகமெல்லாம் பல்லாக முதல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தான். இரண்டாவது எனக்கு.

வண்டி கிளம்பியதும் அந்த அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் சேலையைப் பார்த்துவிட்டு, "எத்தன நாளாச்சு தாயி?" என்று மெதுவாகக் கேட்டாள். சொன்னேன்.

"எங்க வீட்டுக்காரரு கடலுக்குப் போயித் திரும்பாம மூணு வருசமாச்சு" என்றாள்.

நான் சிரித்திருக்க வேண்டும். கண்டக்டரைக் கூப்பிட்டு உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கோ நெஞ்சு திக்கென்றது. போணி தப்பாகிவிட்டதே! ஒவ்வொரு பள்ளத்திலும் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தேன். ஒரு கண்மாய்க்கரை வளைவில் கண்ணையே மூடிக்கொண்டேன்.

"பயப்படாத தாயி, நல்லாத்தான ஓட்டுறாரு" என்றாள் அவள்.

பத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தேன், கையெழுத்தும் போட்டேன். வழியெல்லாம் கண்டக்டர் பாடிக்கொண்டு வந்தான். டிரைவர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். வண்டி கவிழ்ந்துவிடும் என்று உண்மையாகவே நம்பியது, அந்த பஸ்ஸில் நான் ஒருத்திதான்.