அக்காவின் ஏரவாடா வகுப்பு

அக்கா போய் ஓராண்டு ஆகிறது. இன்று வந்து அவரை நினைத்து உட்கார்ந்து, சாப்பிட்டு, இந்தச் சிறு மலரையும் கையில் வாங்கிக்கொண்ட உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அட்டைப் படத்தில் அக்கா நம்மை முறைப்பதுபோல இருக்கும். கோபமெல்லாம் இல்லை. படம் எடுப்பவர் சிரிக்கச் சொன்னால் அவருக்குச் சிரிப்பு வராது, அவ்வளவுதான்.

அக்கா பிறந்தது அரக்கோணத்தில். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. அக்காவும் நானும் இரண்டே பிள்ளைகள். அக்கா ஆங்கிலத் தட்டச்சில் ஹையர் தேறியதை அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, கடைசியில் அப்பா வந்தாலே அக்கம்பக்கத்தார் நழுவ ஆரம்பித்தார்கள். அத்தானுக்குப் புனேயில், கட்கியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கல்யாணமான கையோடு பக்கத்திலேயே போபோடியில் குடித்தனம் வைத்தார்கள். பிள்ளைகள் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அத்தான் மாரடைப்பில் காலமானார். கருணை அடிப்படையில் அக்காவுக்கு அதே தொழிற்சாலை அலுவலகத்தில் தட்டச்சர் வேலை கொடுத்தார்கள். அங்கே கணினி வந்தபோது பலரும் வேறு பிரிவு கேட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். அக்கா மட்டும் மாலையில் வேலை முடிந்த பிறகும் தங்கிக் கற்றுக்கொண்டார்.

"சீக்கிரமா வீட்டுக்குப் போயி யாரு முகத்தப் பாக்கப் போறேன்? அதான் கத்துக்கிட்டேன்" என்பார்.

ஞாயிறு காலையில் எனக்குத் தொலைபேசுவார். முதல் சில வாக்கியங்களில் அவருடைய தமிழ் தடுமாறும். வாரம் முழுவதும் இந்தியும் மராட்டியும் பேசிய வாய். போகப் போகச் சரியாகும், சரியாகும்போது வைத்துவிடுவார். போபோடியில் அக்கம்பக்கத்தார் நல்லவர்கள். ஆனாலும் ஒரு தலைவலி என்றால் அதைத் தன் மொழியில் முனகினால் கேட்க ஆள் இல்லாத வீடு அது.

ஓய்வு பெற்றதும் சென்னைக்கே வந்துவிடுங்கள் என்று நானும் என் மனைவியும் கெஞ்சினோம்.

"அங்க வந்து உன் வீட்டு ஹால்ல டிவிக்கு எதிர்த்தாப்புல உக்காரணும். அத இங்கயே செய்யலாமேடா."

ஆனால் டிவி முன்னால் அவர் உட்காரவில்லை. புனேயிலேயே ஏரவாடாவில், நெருக்கி நெருக்கிக் கட்டிய குடிசைகளுக்கு நடுவே ஓர் அறக்கட்டளை பெண்களுக்காகக் கணினி வகுப்பு திறந்திருந்தது. எங்கோ ஓர் அலுவலகத்தில் கழித்துக் கட்டிய பழைய கணினிகள் மூன்று. சொல்லிக் கொடுக்க வந்தவர்கள் நிலைக்கவில்லை. அக்கா போனார், நிலைத்தார். வந்தவர்கள் வீட்டு வேலை செய்பவர்கள், காய்கறி விற்பவர்கள், துப்புரவுத் தொழிலாளர்கள். அவர்களுக்கு அக்கா 'தாயி'. மராட்டியில் அக்கா என்று அர்த்தம். ஆக, அங்கேயும் அக்காவாகத்தான் இருந்தார்.

வகுப்பில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மாணவியின் மவுஸைத் தொட மாட்டார். திணறினாலும், தப்பு செய்தாலும், கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார். "நான் தொட்டா என் வேலை முடியும், அவளுக்கு ஒண்ணும் வராது" என்பது அவர் கட்சி. பார்க்கிறவர்களுக்குக் கல்நெஞ்சக்காரி மாதிரி தெரியும்.

அங்கே வந்தவர்களில் மங்கள் என்றொருவர். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு பெரிய கட்டடத்தில் துப்புரவு வேலை. சம்பளத்தை வங்கியில் போட்டு, ஏடிஎம் அட்டை ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டார்கள். மங்களுக்கு அந்த இயந்திரத்தைத் தொடவே பயம். மாதாமாதம் அங்கே நிற்கும் காவலாளியிடம் அட்டையையும் கொடுத்து, ரகசிய எண்ணையும் சொல்லி எடுத்துத் தரச் சொல்வார். "அவன் நல்லவன்தான் தாயி. ஆனா என் பணத்த நானே எடுக்கணும்ல?" என்று முதல் நாளே அக்காவிடம் சொன்னாராம். மங்களைப் பற்றிப் பேசாமல் அக்கா தொலைபேசியை வைத்ததில்லை. இன்று தன் பெயரை அடித்தாள், இன்று தப்பை அவளே கண்டுபிடித்தாள், இன்று ஏடிஎம்மில் அவளே பணம் எடுத்தாள் என்று, பேத்தி நடக்கப் பழகியதைச் சொல்வதுபோலச் சொல்வார்.

என் மகள் பிரசவத்துக்காக அக்கா சென்னைக்கு வந்திருந்தபோது நவராத்திரி வந்தது. வகுப்பறைச் சாவியை மங்களிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். ஆயுத பூஜை நாளை அங்கே கண்டே நவமி என்கிறார்கள். நாம் சைக்கிளையும் அரிவாள்மனையையும் கழுவிப் பொட்டு வைக்கிறோமே, அதேதான். வகுப்புப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து மூன்று கணினிகளையும் வாசலில் இறக்கி, தண்ணீர் ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, உள்ளே வைத்து, மஞ்சள் குங்குமமும் சாமந்தி மாலையும் போட்டிருக்கிறார்கள். தாயி வந்துதான் சுவிட்சைப் போட வேண்டும் என்று ஒருவரும் அதற்குப் பிறகு தொடவில்லை.

ஊர் திரும்பிய அன்றே அக்கா வகுப்புக்குப் போனார். எல்லாம் பளபளவென்று இருக்க, மங்கள் வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தார். மாலையைத்தான் அக்கா பார்த்தார். கழுவியிருப்பார்கள் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? வழக்கம்போலக் கையைக் கட்டிக்கொண்டு, "நீயே போடு" என்றார். மங்கள் பொத்தானை அழுத்தினார். டப்பென்று ஒரு சத்தம், புகை. மற்ற இரண்டும் உயிர் பெறவே இல்லை.

அறக்கட்டளை நிர்வாகி வந்து பார்த்துவிட்டு, "இவங்களுக்கு இதெல்லாம் ஒத்து வராது மேடம்" என்றாராம். அக்கா விடவில்லை. "கம்ப்யூட்டருக்குத் தண்ணி ஆகாதுன்னு நீங்களும் சொல்லல, நானும் சொல்லல. சொல்லாதத அவங்க எப்படித் தெரிஞ்சுக்குவாங்க?" என்று வாதாடிப் பார்த்தார். அறையைப் பூட்டிவிட்டார்கள்.

அந்த வாரம் என்னிடம் பேசும்போது அக்கா அழுதார். அத்தான் போனபோதுகூட அடக்கிக்கொண்டவர். "யாரும் வரலடா. எனக்கு மூஞ்சியக் காட்ட வெக்கப்பட்டுக்கிட்டு, ஒருத்தரும் வரல" என்றார். மிஷின் போனதற்காக அவர் அழவில்லை. அந்தப் பெண்கள் இல்லாவிட்டால் அவருக்கு அந்த ஊரில் வேறு யார்?

பிறகு தானே கிளம்பி வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டார். தன் சொந்தக் கணினியைக் கூடத்தில் வைத்து, போபோடி வீட்டிலேயே வகுப்பைத் தொடங்கினார். பஸ் பிடித்துச் சிலர் வந்தார்கள், மங்களும் வந்தார். ஆனால் மங்கள் கணினி பக்கம் போகவில்லை. டீ போடுவார், கீரை ஆய்வார், மற்றவர்கள் அடிப்பதை வாசற்படி அருகில் இருந்து பார்ப்பார்.

"வா, உக்காரு."

"நக்கோ தாயி. வேண்டாம். என் கை பட்டா இதுவும் போயிடும்."

ஏடிஎம் காவலாளியிடமே திரும்பப் போனார். ஒரு நாள் அக்கா தன் பிடிவாதத்தையும் விட்டுவிட்டு, மங்களின் கையைப் பிடித்து மவுஸின்மேல் வைத்திருக்கிறார். மங்கள் சுட்டுக்கொண்டவர்போலக் கையை இழுத்துக்கொண்டாராம். அக்கா அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. என்னிடம் மட்டும், "அவ ஒரு தடவ தொட்டுட்டா போதும்டா, அப்புறம் நான் நிம்மதியாப் போயிடுவேன்" என்று அடிக்கடி சொன்னார்.

சர்க்கரை நோய் சிறுநீரகத்தைக் கெடுத்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் மங்கள்தான் அக்காவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு அங்கேயே இருந்திருக்கிறார். அக்கா கடைசியாகப் பேசியது மராட்டியில், அவரிடம். என்ன சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்து அக்கா தலையை மட்டும் அசைத்தார். அக்கா நிம்மதியாகப் போனார் என்று எழுதத்தான் ஆசை. எழுத முடியவில்லை. மங்கள் கடைசி வரை கணினியைத் தொடவில்லை.

வீட்டைக் காலி செய்தபோது கணினியை மங்களே எடுத்துக்கொள்ளட்டும் என்று என் மகனை இந்தியில் கேட்கச் சொன்னேன். அவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். உடன் வந்த பெண்கள் அதை ஆட்டோவில் ஏற்றி, ஏரவாடாவில் ஒருவர் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். மாலையில் கூடி ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அந்தப் பெண்கள் அனைவருக்கும், ஆஸ்பத்திரிக்குத் தினமும் கஞ்சி கொண்டுவந்த போபோடி அண்டை வீட்டாருக்கும், அத்தானோடு வேலை பார்த்து அக்காவை இறுதிவரை விசாரித்த நண்பர்களுக்கும், நெடுந்தூரம் வந்த உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. புனேயில் இருப்பவர்களில் பலரால் இந்தத் தமிழைப் படிக்க முடியாது. நேரிலும் கைகூப்பிச் சொல்லிவிடுகிறோம்.

இதற்கு அடுத்த பக்கம் மராட்டியில் இருக்கிறது. இந்த மலர் தயாராகிறது என்று தெரிந்து மங்கள் தபாலில் அனுப்பியது. பக்கம் முழுவதையும் அவரே அந்தக் கணினியில் உட்கார்ந்து, எழுத்து எழுத்தாகத் தேடி, தன் கையால் அடித்ததாக உடனிருக்கும் பெண் தொலைபேசியில் என் மகனிடம் சொன்னார். அதில் உள்ள ஒரு வரியும் எனக்குப் புரியாது. எழுத்து சின்னதாக இருக்கிறதே, நாங்களே வேறு எழுத்தில் அழகாக அடித்துத் தரட்டுமா என்று அச்சகத்தார் கேட்டார். வேண்டாம், அவர் அடித்தபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.