கட்டிலுக்கு அடியில் கிடைத்த வார்த்தை

இதை எழுத வேண்டும் என்று ஆறேழு வருஷமாக நினைக்கிறேன். பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்கிறவர்கள் எவ்வளவு பெரிய காரியங்களைச் சொல்கிறார்கள்! ஆபரேஷன் இல்லாமல் கட்டி கரைந்தது, கடலில் போனவர் உயிரோடு வந்தார் என்று. நான் சொல்லப்போவதோ ஒரு பூனைப் புத்தகத்தைப் பற்றி. என் படிப்பும் ஐந்தாம் வகுப்போடு சரி. சிரிப்பார்களே என்று கூச்சம். சிரித்தால் சிரிக்கட்டும் என்று இப்போது துணிந்துவிட்டேன்.

எழுபத்தொன்று டிசம்பர் யுத்தத்தில் என் நாத்தனார் ரோஸியின் வீட்டுக்காரர் இறந்துபோனார். ராணுவத்தில் லாரி ஓட்டியவர். பஞ்சாபில் எல்லைக்குப் பக்கத்து ஊரில்தான் குடும்பமும் இருந்தது. அவர்கள் குடியிருந்த தெருவிலேயே குண்டு விழுந்திருக்கிறது. ஏழு வயது மகள் ஸ்டெல்லாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாளாம் ரோஸி. அடுத்த மாதம் இருவரும் ஈக்காட்டுத்தாங்கலில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

பிள்ளை பேசவில்லை. பசி என்றுகூடச் சொல்ல மாட்டாள். ஊட்டினால் இரண்டு வாய் வாங்குவாள். சாயங்காலமானால் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். ஏன் சாயங்காலம் மட்டும் என்று எங்களுக்குப் புரியவில்லை. பக்கத்து வீட்டு அம்மா, “இன்னாமோ காத்து கருப்பு பட்டுகீது, மந்திரிச்சுக்கினு வாங்க” என்றாள். டாக்டரோ தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார். பேச ஆரம்பித்ததும் அழைத்து வாருங்கள் என்று பள்ளிக்கூடத்தில் அன்பாகச் சொல்லி அனுப்பினார்கள்.

ரோஸி உடைந்துபோனாள். “அண்ணி, என்னால முடியலை. இவ மூஞ்சியப் பார்த்தா எனக்கு அந்த ஊருதான் தெரியுது. ஈஸ்டர் முடிஞ்சதும் திருச்சி ஹாஸ்டல்ல விட்டுடறேன்” என்றாள். வலிக்கிறது என்று வாய்திறக்காத பிள்ளை. அதை முன்பின் தெரியாதவர்களிடம் விட்டால் என்ன ஆகும்?

அன்றைக்கு அடுப்படியிலேயே முழங்கால் போட்டேன். “ஆண்டவரே, இந்தப் புள்ளகிட்ட எப்படிப் பேசறதுன்னு எனக்குத் தெரியலை. ஒரு வார்த்தை குடும். ஒண்ணே ஒண்ணு போதும்” என்று அழுதேன். வேறு ஜெபம் வரவில்லை.

அந்த ஞாயிறு மயிலாப்பூரில் ஆராதனை முடிந்து பஸ்ஸுக்கு நடந்தபோது, பிளாட்பாரத்தில் ஒரு பாய் பழைய புத்தகங்களைப் பரப்பியிருந்தார். குனிந்து பார்த்தேன்.

“இன்னாம்மா, கொயந்தைக்கா?”

“ஆமா பாய். பேசாத குழந்தை.”

“அப்ப இத்த எடுத்துக்கினு போ. பூனையும் பேசாது. ரெண்டும் நல்லா சேந்துக்கும்.”

“அட்டையே இல்லையே?”

“அட்டையையா படிக்கப் போறே?”

சாயங்காலம் ஸ்டெல்லா கட்டிலுக்கு அடியில் போனதும் நானும் புத்தகத்தோடு நுழைந்தேன். எனக்குக் கொஞ்சம் தாராளமான உடம்பு. “பாத்து, அப்புறம் கட்டிலைத் தூக்கித்தான் உன்னை எடுக்கணும்” என்றார் என் வீட்டுக்காரர். எழுத்துக்கூட்டித்தான் எனக்குப் படிக்க வரும். “ஒரு ஊரில் ஒரு கு... ண்டு... குண்டுப் பூனை” என்றேன். பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு நடுங்கினாள். அதே நேரம் தெருவில் பூக்காரியின் குரல்: “குண்டு மல்லீ! குண்டு மல்லீ!” பிள்ளை சுவருக்குள்ளேயே புகுந்துவிடுகிற மாதிரி ஒடுங்கினாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூக்காரி வருவது தினமும் அந்த நேரத்தில்தான். பிள்ளை வளர்ந்த ஊரில் தமிழ் என்றால் அப்பா அம்மா பேசியது மட்டும்தான். குண்டு என்ற சொல்லை அவள் கேட்டது, குண்டு போடுகிறான் என்று தாய் அலறியபோது. மல்லிப்பூவுக்கும் அந்தப் பெயர் உண்டென்று அவளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

புத்தகத்தை மூடத்தான் கை போனது. ஆனால் மூட விடவில்லை ஆண்டவர். படத்தை அவள் பக்கம் திருப்பினேன்.

“இங்க பாருடி கண்ணு. இதுவும் குண்டுதான். வயித்தப் பாரு, பானை மாதிரி. அத்தையும் குண்டு.” அவள் கையை எடுத்து என் வயிற்றின்மேல் வைத்தேன். “இது வெடிக்காது. சாப்பிட்டா பெருசாவும், அவ்வளவுதான்.”

கையை அவள் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு தினமும் அதே இடம், அதே புத்தகம். நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பூனை எலிப் பொந்தில் தலையை மாட்டிக்கொள்ளும் பக்கம் வந்தால் என்னை நெருங்கிப் படுப்பாள். குருத்தோலை ஞாயிறு கழிந்து ஒரு சாயங்காலம், வெளியே வரப்பார்த்தால் என்னால் நிஜமாகவே முடியவில்லை. இடுப்பு மாட்டிக்கொண்டது. வீட்டுக்காரர் ஒரு பக்கமும் ரோஸி ஒரு பக்கமும் கட்டிலைத் தூக்கினார்கள். என் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

“அத்தை குண்டு.”

தூக்கிய கட்டில் அப்படியே நின்றது. “என்னடி சொன்னே?” என்றாள் ரோஸி.

“அத்தை குண்டும்மா. பூனை மாதிரி.”

“ஆமாடி, குண்டுதான்! பெரிய குண்டு!” ரோஸி சிரித்தாள், அழுதாள், கட்டிலை என் காலிலேயே போட்டாள். எனக்கு வலி தெரியவில்லை. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் கேட்டது ஒரு வார்த்தை. அவள் எதற்குப் பயந்தாளோ அதையே கழுவித் துடைத்து எங்கள் கையில் கொடுத்தார் அவர்.

ஹாஸ்டல் பேச்சை ரோஸி திரும்ப எடுக்கவில்லை. ஸ்டெல்லா இப்போது ஹைஸ்கூல் போகிறாள். மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானம் தாழப் போனால் இன்றைக்கும் என் முந்தானையைப் பிடித்துக்கொள்வாள். பயம் முழுசாகப் போய்விட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

ஞாயிறுதோறும் ஆராதனைக்குப் பின் படப் புத்தகங்களோடு உட்காருகிறோம், அவளும் நானும். தகப்பனைப் போரில் இழந்த பிள்ளைகள் சிலர் வருகிறார்கள். அப்பா இறந்த சேதி தந்தியில் வந்ததால், தந்தி என்று யாராவது சொன்னாலே அழும் ஒரு பையன் இருந்தான். வீணையின் தந்தியைக் கடித்து மாட்டிக்கொள்ளும் எலிக் கதை ஒன்றைத் தேடிப் பிடித்து வந்தாள் ஸ்டெல்லா. போன வாரம் அவனே அதை எங்களுக்குப் படித்துக் காட்டினான்.

உங்கள் வீட்டில் அப்படிப் பயந்த ஒரு பிள்ளை இருந்தால் ஆண்டவரிடம் கேளுங்கள், அவர் கொடுப்பார். சின்ன விஷயமாயிற்றே என்று கூசாதீர்கள். இதை மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். ஒன்று மட்டும் வேண்டுகிறேன். பிறவி ஊமை பேசினாள் என்று பெரிதாக்க வேண்டாம். ஒரு பிள்ளை பயந்திருந்தாள், அவளோடு சேர்ந்து ஒரு கதை படித்தார்கள், தேவன் கேட்டருளினார். நடந்தது இவ்வளவுதான். இப்படியே சொல்லுங்கள்.