சைக்கிளை விட்டு இறங்காததற்கு ஒரு வார்த்தை

தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் அந்தக் காலத்தில் மலாக்கா டாக்சி ஸ்டாண்டில் இங்கிலீஷில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. லாயர்கள், டாக்டர்கள், போலீஸ் அதிகாரிகள் எல்லாம் என் வண்டியைத் தேடி வந்து ஏறுவார்கள். அவர்கள் பின்னால் உட்கார்ந்து பேசப் பேச, நான் முன்னால் உட்கார்ந்து படித்துக்கொண்டேன். காஜா பேராங்கில் நான் கட்டிய வீடு அப்படிக் கட்டியதுதான். யாரும் ஒரு செங்கல் கொடுத்து உதவவில்லை.

சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த சமயம். குருபோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் தங்கை புருஷன் பால் மரம் வெட்டி, ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்தான். வெள்ளைக்கார மேனேஜர் எதிரில் வந்தால் கூலிக்காரன் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பது பழைய வழக்கம். ஜப்பான் சண்டைக்குப் பிறகு மற்ற தோட்டங்களில் அது ஒழிந்துவிட்டது. இந்தத் தொரை மட்டும் விடவில்லை. ஒருநாள் மாப்பிள்ளை இறங்காமல் போய்விட்டான். தொரை வேலையை விட்டு நிறுத்தினார். மறுநாள் காலை, தோட்டத்தில் சைக்கிள் வைத்திருந்தவர்கள் அத்தனை பேரும் தொரை பங்களாவுக்கு முன்னால் மணி அடித்துக்கொண்டே போனார்கள். முதல் சைக்கிள் இவனுடையது.

கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் அது. நாலு பேர் சேர்ந்து நின்றாலே போலீஸ் வரும். இவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இவன் இந்தியாவில் பிறந்தவன், கப்பல் ஏற்றி அனுப்பிவிடலாம். கோர்ட்டு, கேஸ் எதுவும் தேவையில்லை. என் தங்கையோ இங்கேயே பிறந்து வளர்ந்தவள், கையில் குழந்தை. போலீஸ் அதிகாரியிடம் இங்கிலீஷில் பேச என்னை விட்டால் யார்?

நன்றாகத்தான் பேசினேன். மேனேஜர் புகாரில் எழுதிக் கொடுத்திருந்த வார்த்தை மியூட்டினி. "சார், மியூட்டினி என்றால் சீருடை போட்டவன் தன் மேலதிகாரியை எதிர்ப்பது. இவன் போட்டிருப்பது ரப்பர் பால் காய்ந்த கால்சட்டை" என்றேன். அதிகாரி சிரித்துவிட்டார். கல் எறிந்தார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் ரயட், அதாவது கலவரம், இல்லை. வேலையை நிறுத்திவிட்டார்களா? மணி அடித்துவிட்டு எல்லோரும் மரம் வெட்டத்தான் போனார்கள். அப்படியானால் ஸ்ட்ரைக்கும் இல்லை. ஒவ்வொரு வார்த்தையாக அவர் கையிலிருந்து பிடுங்கிப் போட்டேன். கடைசியில் இரண்டுதான் மிச்சம். சின்னதை ஒத்துக்கொண்டால் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தான்.

"ஆபீசர் என்னா சொல்றாரு மச்சான்?"

"டிஸ்ஒபீடியன்ஸ்னு ஒத்துக்கணுமாம். ஒத்துக்கிட்டா முடிஞ்சிச்சி."

"அப்டின்னா?"

"சொன்ன பேச்சு கேக்காதது. அப்பன் பேச்சப் புள்ள கேக்காம இருக்கும் பாரு, அது மாதிரி."

"அந்தத் தோட்டத்துத் தொர எனக்கு அப்பனா?"

"வாய மூடு மாப்ள. வெளிய வா, பேசிக்கலாம்."

"இன்னொன்னு என்னா?"

"ரெபெல்லியன். கவர்மெண்ட எதுக்கறது. ராஜாவ எதுக்கறது. அது நமக்கு வேணாம்."

"அதுல அப்பன் கெடையாதுல்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் அதிகாரி பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த மலாயில் சொல்லிவிட்டான். "துவான், சாயா ரெபெல்லியன்." ஐயா, நான் ரெபெல்லியன்.

அதைப் பெயர்க்க என் இங்கிலீஷ் தேவைப்படவில்லை. அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். "அர்த்தம் புரிந்துதான் சொல்கிறானா?" என்று என்னிடம் கேட்டார். புரியாமல் உளறுகிறான் என்றேன். மாப்பிள்ளைக்கு அந்தக் கேள்வி எப்படியோ விளங்கிவிட்டது. புரிகிறது என்று தலையை ஆட்டினான்.

கப்பலில் அவனோடு தங்கையும் போனாள். "ஊருக்கெல்லாம் இங்கிலீஷ் பேசுவியேண்ணே. ஒத்த மனுசன ஒன்னால தமிழ்ல சமாளிக்க முடியலியா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறினாள்.

சுதந்திரம் வந்தது. என் ஒரு டாக்சி மூன்றானது. புக்கிட் காதிலில் நிலம் வாங்கினேன். ஒருநாள் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வண்டியில் வந்தவர், பேச்சோடு பேச்சாக ப்ரொடெஸ்ட் என்று ஒரு வார்த்தை சொன்னார். வண்டியை ஓரம் கட்டி அர்த்தம் கேட்டேன். கை ஓங்காமல் நேராக நின்று, இது நியாயமில்லை என்று சொல்வது என்றார். அதில் அப்பனும் இல்லை, ராஜாவும் இல்லை. ஒரு ஆம்பிளை தலைநிமிர்ந்து ஒத்துக்கொள்ளக்கூடிய வார்த்தை. எத்தனை லாயரை ஏற்றியிருப்பேன், ஒருவர் வாயிலிருந்தும் அது என் காதில் விழவில்லையே. அன்றைக்கு அதற்குமேல் என்னால் வண்டி ஓட்ட முடியவில்லை. வாத்தியாரை வேறு டாக்சியில் ஏற்றிவிட்டேன்.

மாப்பிள்ளை இந்தியாவில் கண்ணை மூடிய பிறகு, என் மகன் கல்யாணத்துக்குத் தங்கை வந்தாள். தான் பிறந்த மலாக்காவுக்கு விசா வாங்கிக்கொண்டு வந்தாள். அந்த வார்த்தையைப் பற்றி அவளிடம் சொன்னேன்.

"அதச் சொல்லியிருந்தாலும் அவரு பெரிய வார்த்தையத்தாண்ணே கேட்டிருப்பாரு. சோறு ஆறுது, சாப்புடு" என்றாள்.

என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னாள். விசா முடிந்ததும் நானே அவளை ஏற்றிக்கொண்டு போய் அனுப்பிவைத்தேன்.