வெள்ளை வண்டியின் பச்சைத் தண்ணீர்

இத்தாவில் இருந்த மாதங்களில் ஜரினாவுக்கு உலகம் ஜன்னல் அளவுதான் இருந்தது. கணவர் மௌத்தான பிறகு மனைவி வீட்டோடு இருந்து கழிக்க வேண்டிய காலம் அது. பூந்தமல்லியின் அந்தச் சந்தில் வெயில் வந்து போனது, பால்காரர் வந்து போனார், தண்ணீர் லாரி வந்து போனது. போகாமல் நின்றது வெள்ளை வண்டி ஒன்றுதான். வாசலுக்குப் பக்கத்தில், முருங்கை மரத்தடியில், பூ உதிர்ந்து உதிர்ந்து கூரை மஞ்சளாகிப்போன பழைய கார். கிளை ஆடினால் கண்ணாடியில் நிழல் ஆடும். டிரைவர் சீட்டில் யாரோ சாய்ந்து உட்கார்ந்து மெல்லத் திரும்பிப் பார்ப்பதுபோல் இருக்கும். நிழல்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தால் என்ன, பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அவள் கணவர் உஸ்மான் கனி செருப்புக் கடை வைத்திருந்தார். கடையில் உட்கார்ந்திருக்கும்போது கொட்டாவி விடுகிற மனிதர், ஞாயிற்றுக்கிழமை வண்டியின் பானட்டைத் திறந்துவிட்டால் சாப்பிடக்கூட வர மாட்டார். மெக்கானிக்கிடம் கொண்டுபோவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். எதிர்வீட்டு பக்தவத்சலம் பால்கனியில் நின்று, "இன்னா பாய், ஷூவுக்கு சோல் மாத்துற மாதிரி எஞ்சினுக்கும் மாத்துறியா?" என்று கேட்பார். "உன் வாய்க்கு ஒண்ணு மாத்தணும், கீழ எறங்கி வா" என்பார் இவர், வண்டிக்கு அடியிலிருந்தே.

டார்ச் பிடிப்பது ஜரினாவின் வேலை. வருஷக்கணக்காகப் பிடித்துப் பிடித்து, அவர் கையை நீட்டினால் ஸ்பேனரா ஸ்க்ரூ டிரைவரா என்று கேட்காமலே எடுத்துக் கொடுக்கும் பழக்கம் வந்திருந்தது. வண்டி ஓட்டவும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். லீவு நாளில் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குக் கூட்டிப்போவார். கம்பெனிகளெல்லாம் ஷட்டர் இறக்கிக் கிடக்க, அகலமான தெருக்களில் நாய்கள் மட்டும் படுத்திருக்கும். "நாய மட்டும் இடிச்சிடாத ஜரினா, மத்தத நான் பாத்துக்கறேன்."

கடைசியாக அவர்கள் சேர்ந்து செய்த வேலை ஹோஸ் மாற்றியது. ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே கீழ்ப்பக்கம் போகும் ரப்பர் ஹோஸ் உப்பிப்போயிருந்தது. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டி, பச்சை நிறக் கூலண்ட் ஊற்றி, குமணன்சாவடி வரை ஒரு ரவுண்டு போய் வந்தார். மறுநாள் விடியும் முன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர், ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

இப்போது இத்தா முடிந்துவிட்டது. நெமிலிச்சேரியில் மாமியார் வீட்டில் இருக்கும் மகள் ரூஹிக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குக் கூட்டிவர ஞாயிற்றுக்கிழமை பேசியாகிவிட்டது. அவள் உண்டான சேதி கேட்ட அன்றே உஸ்மான் போனில் சொல்லியிருந்தார்: "நம்ம வண்டியிலதாம்மா உன்ன கூட்டிகினு வருவேன். ஏசி போட்டு, ராணி மாதிரி." ரூஹி அதை ஞாபகம் வைத்திருந்தாள். நேற்றுகூட, "வண்டி ஓடுதாம்மா?" என்று மட்டும் கேட்டாள். 

வண்டி ஓடத்தான் செய்தது. ஆனால் ஒழுகியது.

பேட்டரி இறங்காமல் இருக்க மகன் ஃபஹீம் இந்த மாதங்களில் அவ்வப்போது ஸ்டார்ட் செய்துவிட்டுப் போவான். ஒவ்வொரு தடவையும் மறுநாள் காலையில் முன்சக்கரத்தருகே கையகலத்துக்குப் பச்சைத் தண்ணீர் தேங்கியிருக்கும். எஞ்சினை ஓடவிட்டு, குனிந்து, படுத்து, டார்ச் அடித்துப் பார்ப்பான். ஒரு சொட்டு விழாது. "ஒழுகலையேம்மா!" என்று எழுவான். மறுநாள் டப்பாவில் கூலண்ட் இறங்கியிருக்கும்.

"எஞ்சின் உள்ளாற எங்கயோ விரிசல் உட்டுருக்கும்" என்றார் பக்தவத்சலம். அவருக்கு வண்டி கிடையாது, அபிப்பிராயம் உண்டு.

வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது ஃபஹீம் சொன்னான். "கேப் புக் பண்ணிடலாம்மா. அத்தா கைவேலை அது. பாதி வழில சூடாகி நின்னா, அவள வெச்சுகினு ரோட்டுல இன்னா பண்ணுவ?"

அவன் கோபமாகச் சொல்லவில்லை. இருந்தும் தன் அப்பாவைப் பற்றி அவன் சொன்ன 'அத்தா கைவேலை' என்ற சொல் ஜரினாவின் தட்டில் விழுந்த முடிபோல் கிடந்தது. சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு, "நாளைக்கு ஒரு நாள் குடு. சரியாவலன்னா கேப்லயே போலாம்" என்றாள்.

சனிக்கிழமை அவன் கடைக்குப் போனதும் பானட்டைத் திறந்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஃபேன் சுற்றும் வரை ஓடவிட்டு நிறுத்தினாள். அதற்கப்புறம் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப்போட்டு வண்டி முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

சூடான எஞ்சின் ஆறும்போது பேசும். டிக், டிக் என்று இங்கொன்றும் அங்கொன்றுமாக இரும்பு சுருங்கும் சத்தம். முருங்கைப் பூ ஒன்று எஞ்சின் மேல் விழுந்து வாடியது. வெந்த இலை வாசனையும் ரப்பர் வாசனையும் சேர்ந்து வந்தன. அந்த வாசனை அவர் சட்டையில் இருக்கும். எத்தனை தடவை துவைத்தாலும் போகாது. ஜரினாவுக்குக் கண் சொருகியது. தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. வண்டிக்கு அடியில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருப்பது போலவும், தான் டார்ச்சை வேறெங்கோ பிடித்துக்கொண்டு கனாக் காண்பது போலவும், 'இப்டி காட்டு, இப்டி' என்று அவர் சலித்துக்கொள்வது போலவும் இருந்தது.

"இன்னா தங்கச்சி, வண்டிக்குக் காவலா?" பால்கனியிலிருந்து பக்தவத்சலம்.

"ஆறுதான்னு பாக்கறேண்ணே."

"ஆறுறதுக்கு அது இன்னா டீயா?"

சிரித்துக்கொண்டே குனிந்தவள், பார்த்தாள். எஞ்சினோடு ஹோஸ் சேரும் இடத்தில், அதை இறுக்கிப் பிடிக்கும் கிளிப்பின் விளிம்பில், பச்சையாக ஒரு முத்து. அது பருத்தது, தயங்கியது, ஹோஸின் வயிற்றோடு வழுக்கிக் கீழ்த்தகட்டில் ஓடி, சம்பந்தமே இல்லாத இடத்தில், சக்கரத்தருகே போய்ச் சொட்டியது. பின்னாலேயே இன்னொன்று. ஓடும்போது சூட்டில் ரப்பர் விரிந்து இறுக்கிக்கொள்கிறது; ஆறிச் சுருங்கும்போது விட்டுவிடுகிறது. ஓடுகிற வண்டியில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. குமணன்சாவடி போய் வந்து, கை கழுவிக்கொண்டே அவர் சொன்னது. எந்த ஹோஸை மாற்றினாலும் சொல்வதுதான்: "புது ரப்பர், சூடு பட்டு ஆறினா தளரும். காலைல இன்னொரு முறுக்கு முறுக்கணும். ஞாபகப்படுத்து."

காலை வந்தது. யாரும் யாருக்கும் ஞாபகப்படுத்தவில்லை.

உள்ளே போய் ஸ்க்ரூ டிரைவர் எடுத்து வந்தாள். கையை நுழைத்து, கிளிப்பின் திருகில் முனையைப் பொருத்தினாள். அப்படியே நின்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமையின் வேலை இன்னும் முடியாமல் இங்கே இருந்திருக்கிறது. இத்தனை மாதமும் ஜன்னலுக்கு வெளியே, பூ உதிரும் மரத்தடியில், பாதி வேலையில் எழுந்து போனவர் திரும்பி வருவதற்காகத் திறந்தே கிடந்திருக்கிறது. திருகிவிட்டால் முடிந்துவிடும். பச்சை முத்து ஒன்று அவள் விரல்மேல் உருண்டு, குளிர்ந்து, நுனியில் சொட்டியது.

நெமிலிச்சேரியில் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள்.

திருகினாள். எளிதாகச் சுற்றியது, பிறகு பிடித்தது, பிறகு கனத்தது. இன்னும் கொஞ்சம் என்று மணிக்கட்டு போனபோது, 'போதும், ரப்பர அறுத்துடும்' என்று அவர் சொல்வது கேட்டது, அல்லது கேட்டதாக இருந்தது. நிறுத்தினாள்.

கூலண்ட் ஊற்றி மறுபடி ஓடவிட்டு, மறுபடி ஆறவிட்டாள். மதியச் சாப்பாட்டுக்கு வந்த ஃபஹீம் தரையைப் பார்த்தான், ஹோஸைத் தடவிப் பார்த்தான், விரலை முகர்ந்து பார்த்தான். காய்ந்திருந்தது.

"அத்தா எங்கம்மா தப்பு பண்ணிருந்தாரு?"

"தப்பு இல்லடா. மிச்சம் வெச்சிருந்தாரு."

அவன் பானட்டை இறக்கி மூடினான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, கூரையில் ஒட்டியிருந்த பூக்களைக் கையாலேயே துடைக்க ஆரம்பித்தான்.

ஞாயிற்றுக்கிழமை வெளிவட்டச் சாலையில், ஜரினா ஓட்ட, வண்டி நெமிலிச்சேரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது. ரூஹி முன்சீட்டைச் சாய்த்து, ஏசிக் காற்றில் முந்தானை படபடக்க வந்தாள். கண் மட்டும் நனைந்து நனைந்து காய்ந்தது. சூடு காட்டும் முள் நடுவில் அசையாமல் நின்றது. இருபக்கமும் ஏரிகளும் புதர்களும் மேகத்துக்கடியில் மிதந்து போயின. லாரிகள் ஹாரன் அடித்து, ஒதுங்கி, தாண்டிப் போயின. போகட்டும் என்று விட்டாள் ஜரினா.

ஃபஹீமிடமிருந்து போன் வந்தது. ரூஹி எடுத்தாள்.

"வந்துகினே கீறோம்டா... இல்ல, எங்கயும் நிக்கல. சூடும் ஆவல." அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள், அன்று முதல் தடவையாகச் சிரித்தாள். "இல்லடா, வண்டி நல்லாத்தான் போவுது. அம்மாதான் மெதுவா உருட்டிகினு வருது. சோத்த மூடி வையி, லேட்டாவும்."