தலைவர் கையெழுத்துப் போடாத இடுகாடு

எங்கள் நகராட்சி அலுவலகத்தில் அவரை எல்லோரும் கமா என்றுதான் கூப்பிடுவோம். யார் எதை எழுதிக்கொண்டு போய் நீட்டினாலும், நாலு இடத்தில் காற்புள்ளி வைக்காமல் திருப்பித் தரமாட்டார். இருபத்தெட்டு வருடம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவர். தபால் பிரிவில் இருந்த என் மேசை அவர் மேசைக்கு நேரெதிர். நான் கண்ணால் பார்த்ததும் அவர் வாயால் கேட்டதும் சேர்ந்ததுதான் இது.

அவர் மனைவி மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். கடவுள் நம்பிக்கை இல்லாதவர். அதற்காக யாரோடும் மல்லுக்கு நிற்கமாட்டார். கேட்டால், காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்கிற குரலில், "எனக்கு அது இல்லைங்க" என்பார். கமா இரண்டுங்கெட்டான். வீட்டில் ஒருத்தர் உறுதியாக இருந்தால் போதாதா என்று சிரிப்பார்.

நகராட்சித் தலைவராக வந்தவர் அதே பள்ளியில் பன்னிரண்டு வருடம் அறிவியல் ஆசிரியராக இருந்தவர். விடியற்காலையில் பிரார்த்தனை செய்யாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவர். ஆசிரியர் அறையில் மதியச் சாப்பாட்டின்போது அவரும் டீச்சரும் கடவுள் இருக்கிறாரா இல்லையா என்று வாதம் செய்வார்கள். மணி அடித்ததும் எழுந்து கை கழுவப் போய்விடுவார்கள். அவர் தேர்தலில் நின்றபோது, இந்த ஆள் ஜெயித்தால் நகராட்சியைப் பிரார்த்தனைக் கூடமாக்கிவிடுவார் என்று எதிரணி பேசியது. அதற்கு அவர் மேடையில் சொன்ன பதில் ஊர் முழுக்கப் பரவியது: "என் கடவுள் என் வீட்டு வாசலோட நின்னுடுவார். ஆபீசுக்கு நான் மட்டும்தான் வருவேன்."

டீச்சர் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டார். "அவர் பொய் சொல்ற ஆள் இல்ல" என்று கமாவிடம் சொன்னாராம்.

பொய் சொல்லவும் இல்லை. வந்த முதல் வாரமே முந்தைய தலைவர் மாட்டிவைத்திருந்த சாமி படங்களைக் கழற்றச் சொன்னார். தன் மதத்துப் படத்தை மாட்டுவார் என்று காத்திருந்தோம். வெறும் சுவரும் ஆணிகளும்தான் இருந்தன. அவருடைய ஆட்களே ஊர்வலத்துக்குத் தெருவை மறிக்க அனுமதி கேட்டு வந்தபோது, முடியாது என்று அனுப்பிவைத்தார். நாங்கள் அசந்துபோனோம்.

பிறகுதான் அந்தக் கோப்பு வந்தது. எங்கள் ஊரில் இடுகாடு, சுடுகாடு எல்லாமே ஏதாவது ஒரு மதத்தாருக்குச் சொந்தம். இவர் எங்களவர் என்று அவர்கள் கடிதம் கொடுத்தால்தான் குழி தோண்டுவார்கள். ஒரு லாரி டிரைவரின் அப்பா நாற்பது வருடத்துக்கு முன்னால் தன் மதத்தாரோடு சண்டை போட்டுக்கொண்டு விலகியவர். அவர் இறந்தபோது எந்த இடுகாடும் ஏற்கவில்லை. மூன்று நாள் உடல் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தது. அதைக் கண்டு மனம் நொந்த நகராட்சி உறுப்பினர்கள், பம்ப் ஹவுசுக்குப் பின்னால் சும்மா கிடந்த கால் ஏக்கர் நிலத்தை எந்த மதமும் சாராதவர்களுக்கான இடுகாடாக்கத் தீர்மானம் போட்டார்கள். கமா ஓடியாடிக் கோப்பைத் தயார் செய்தார். நில அளவை, பொறியாளர் அறிக்கை, சுகாதாரப் பிரிவின் ஒப்புதல் எல்லாம் பக்காவாக இருந்தன. தலைவர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

உள்ளே போன கோப்பு ஒரு மாதம் வெளியே வரவில்லை. கேட்டால், பார்க்கிறேன் அண்ணே என்பார் தலைவர். பிறகு, நிலத்தடி நீர் பாதிக்குமா என்ற கேள்வியோடு திரும்பி வந்தது. கமா பதில் வாங்கிச் சேர்த்தார். அடுத்து, பாதையின் அகலம் போதுமா என்று வந்தது. அதற்கும் பதில் போனது. மூன்றாவது முறை, வேலி எவ்வளவு உயரம் என்று கேட்டிருந்தார். "பதில் வேணும்னா எல்லாத்தையும் ஒரே தடவைல கேட்டிருப்பாரு" என்று கமா என்னிடம் சொன்னார்.

அந்த வருடம்தான் டீச்சருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. நாள் அதிகம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். டீச்சர் கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, யாருடைய இடத்திலும் தன்னைக் கொண்டுபோய் வைக்கக்கூடாது, கோப்பில் இருக்கிற நிலத்தில்தான் வைக்கவேண்டும் என்றார். "முதல் அட்மிஷன் நான்தான், சொல்லி வைங்க" என்று சிரிக்கவும் செய்தார்.

மறுநாளே கமா தலைவர் அறைக்குப் போனார். தலைவர் எழுந்து கதவைச் சாத்தினார். முதலில் டீச்சர் உடம்பைப் பற்றி விசாரித்தார். கமா கோப்பைப் பற்றிக் கேட்டார்.

"நான் யாருக்கும் பயந்து கோப்ப நிறுத்தி வைக்கல அண்ணே. எங்க ஆளுங்க வேண்டாம்னு சொன்னாங்க, அது உண்மைதான். ஆனா அவங்களுக்காக இல்ல. பேனாவ எடுத்தா, ஒரு மனுஷன பிரார்த்தனை இல்லாம மண்ணுக்குள்ள அனுப்பறதுக்கு நான் சம்மதம் சொல்றேன்னு தோணுது. கை வரல."

"உங்க சம்மதத்த யாரும் கேக்கல சார். தலைவரோட கையெழுத்தத்தான் கேக்கறேன்."

"ரெண்டும் ஒரே கைதானே அண்ணே."

கமா எழுந்தார். அவர் வெளியே வரும்போது, டீச்சருக்காகத் தினமும் வேண்டிக்கொள்கிறேன் என்று தலைவர் சொன்னாராம். மேலிடத்துக்குக் கமா மனு எழுதினார். உள்ளாட்சியின் அதிகாரத்துக்கு உட்பட்டது, தலையிட முடியாது என்று இரண்டே வரியில் பதில் வந்தது. அதை அவரிடம் கொடுத்தவன் நான்தான்.

டீச்சர் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் போய்விட்டார். மறுநாள் மாலைக்குள் உடலை எடுத்தாகவேண்டும் என்றது ஆஸ்பத்திரி. கமா நாலு இடம் அலைந்தார். டீச்சரைப் பெற்றவர்களின் மதத்தார் மட்டும் ஒரு வழி சொன்னார்கள். இறந்தவர் கடைசி நாட்களில் நம்பிக்கைக்குத் திரும்பினார் என்று கணவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் இடம் உண்டு. தலைவரும் அதே மதத்தைச் சேர்ந்தவர்தான்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் புதன்கிழமை காலைதான் வந்து இறங்கியிருந்தாள். அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்தாள்.

"அம்மா திரும்பலப்பா. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்மா. எங்க வைக்கறதுன்னு நீ சொல்லு, அங்கயே வைப்போம்."

அவள் காகிதத்தை அப்பா முன்னால் வைத்துவிட்டு நகர்ந்தாள். கமா கையெழுத்துப் போட்டார்.

அடக்கத்துக்குத் தலைவர் வந்தார். ஊரின் முதல் மனிதர் என்பதால் பிரார்த்தனையை அவரையே நடத்தச் சொன்னார்கள். கண்ணீர் வழிய நடத்தினார். டீச்சர் கடைசியில் வீடு திரும்பிவிட்டார் என்று அவர் சொன்னபோது, மகள் கூட்டத்திலிருந்து விலகி வெளிவாசலுக்குப் போய் நின்றுகொண்டாள். அன்றைக்கே ஊருக்குக் கிளம்பியும் போனாள். அதற்குப் பிறகு அப்பாவோடு போனில் பேசுவதோடு சரி. அதுவும் சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்கிற அளவுக்குத்தான்.

இரண்டு மாதம் கழித்து அந்தக் கோப்பு வெளியே வந்தது. கடைசித் தாளில் தலைவர் தம் கைப்பட எழுதியிருந்தார். அண்மையில் ஏற்பட்ட நேர்வில் குடும்பத்தாரே தாமாக முன்வந்து வேறிடத்தில் அடக்கம் செய்துள்ளனர். ஆகவே தனி இடுகாட்டுக்கான தேவை எழவில்லை. கோப்பு முடிக்கப்படுகிறது.

கீழே கையெழுத்து இருந்தது. இந்த முறை கை வந்திருந்தது.

கமா அதை மூன்று முறை படித்தார். எழுந்து தலைவர் அறைக்குப் போனார். அடக்கத்துக்காக நான் எழுதிக் கொடுத்த காகிதம் பொய், உங்கள் கோப்பு நகர்ந்திருந்தால் நான் அதை எழுதியிருக்கவே மாட்டேன் என்று நேருக்கு நேர் சொன்னாராம். தலைவர் மெதுவாகச் சொன்னார்: "அப்படிச் சொல்லாதீங்க அண்ணே. கடைசி நிமிஷத்துல அவங்க மனசுல என்ன இருந்துதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

திரும்பி வந்து, கோப்பைப் பதிவறைக்கு அனுப்பும் குறிப்பைக் கமாதான் எழுதினார். அது அவர் வேலை.

தலைவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு மனம் ஆறியிருக்கும். அடுத்த தேர்தலில் மாற்றிவிடலாம் என்று இருந்திருப்பேன். அவர் நல்லவர். கடவுளை வாசலில் நிறுத்திவிட்டுத்தான் உள்ளே வருகிறேன் என்று உண்மையாகவே நம்பினார். இன்றும் நம்புகிறார். அப்படி நம்புகிறவரிடம் போய் எதைச் சொல்லிப் புரியவைப்பது?

கமா ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருந்தது. அதற்குள் அவர் மேசைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மைத்துனன் இறந்துவிட்டான், எந்த மதமும் இல்லாதவன், எங்கே கொண்டுபோவது என்று ஒரு தையல்காரர் வந்து நின்றார். கமா நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தார். எந்த இடுகாட்டில் யாரைப் பார்க்கவேண்டும், என்ன எழுதிக் கொடுத்தால் கேள்வி கேட்காமல் ஏற்பார்கள் என்று நிதானமாகச் சொன்னார். அந்த மனிதர் முதல் வரியிலேயே நின்றுவிட, பேனாவை வாங்கிக் கமாவே எழுதியும் கொடுத்தார்.