தேயிலை விதை எண்ணெயில் எழும்பிய கோடு

ஜீவராணியால் ஓரிடத்தில் உட்கார முடியாது. ஹட்டனில் எங்கள் ஆய்வுகூடத்தில் அவளுடைய மேசை எனக்கு அடுத்தது. எண்ணெயைக் காரத்தோடு கொதிக்கவைத்துச் சவர்க்காரமாக்குவாள். சவர்க்காரமாகாமல் எஞ்சுவதை ஈதரில் பிரித்தெடுப்பாள். அதைக் கருவிக்குள் செலுத்திவிட்டால் பிறகு காத்திருப்பதுதான் வேலை. அந்தக் காத்திருப்புதான் அவளுக்கு ஆகாது. கழுவிய குடுவையையே மறுபடி கழுவுவாள்.

அன்று சோதனைக்கு வந்திருந்தது றொசல்லப் பக்கத்துப் பெண்கள் அனுப்பிய போத்தல். கவனிப்பாரின்றி மரமாகிப்போன தேயிலையின் அடியில் விதை பொறுக்கிப் பிழிந்த எண்ணெய். முகப்பூச்சு செய்யும் கொழும்புக் கம்பனி ஒன்று வாங்கத் தயாராக இருந்தது. கலப்பில்லை என்று நாங்கள் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பொறுக்கியவர்களில் அவளுடைய அம்மா ராக்காயியும் ஒருத்தி. அதைப் பொறுப்பாளர் ஜெயரத்தினம் சேரிடம் முதலிலேயே சொல்லிவிட்டாள்.

“மெசினுக்குச் சொந்தபந்தம் விளங்காது, பிள்ளை. நீர் செய்யும்,” என்றார் அவர்.

தாவர எண்ணெய் ஒவ்வொன்றிலும், சவர்க்காரமாகாமல் எஞ்சும் ஸ்டெரோல் என்ற சேர்மங்கள் வேறு வேறு விகிதத்தில் இருக்கும். தேயிலை விதையில் சிட்டோஸ்டெரோல் என்ற வகை இல்லையென்றே சொல்லலாம். திரையில் அதற்குரிய இடத்தில் கோடு தரையோடு போக வேண்டும். எழும்பியது.

குடுவையில் அழுக்கு என்றாள். எல்லாவற்றையும் புதிதாய் எடுத்து மறுபடி செய்தாள். அதே உயரம். ஜன்னலுக்குப் போனாள், வந்தாள். “நீங்க ஒருக்கா செஞ்சு பாருங்களேன்,” என்றாள் என்னிடம். எனக்கும் எழும்பியது. திரையை அவள் பக்கம் திருப்பினேன்.

வராந்தாவுக்குப் போய் அம்மாவைப் போனில் அழைத்தாள். ராக்காயியின் குரல் எங்கள் மேசை வரைக்கும் கேட்டது.

“அம்மா, எண்ணெயில என்னத்த கலந்தீங்க?”

“யாருடி கலந்தா? நாங்க என்ன கடக்காரனா?”

“உண்மையச் சொல்லுங்கம்மா.”

“போத்தல் கழுத்துக்குக் கீழ நின்னுச்சு. மொதமொத வெளிய போற சாமான யாராச்சும் கொறையா அனுப்புவாங்களா? சாமி வெளக்குக்கு வச்சிருந்த நல்லெண்ணெய ரெண்டு கரண்டி ஊத்தி நெரப்புனேன். சுத்தமான எண்ணெயிடி!”

ஜீவராணி சிரித்துவிட்டாள். பிறகு சுவரில் சாய்ந்தாள்.

“மெசின் காட்டுன சாமான் நல்லெண்ணெயிலதாம்மா கொட்டிக் கெடக்கு.”

“ஒன் மெசினுக்கு ரெண்டு கரண்டி கூடப் பொறுக்காதா?”

சேரிடம் ஓடினாள். “சேர், அவங்க ஏமாத்தல. வேற போத்தல் எடுப்பமா?”

“நம்புறன். ஆனா வந்த போத்தலுக்குத்தான் நாங்கள் பதில் சொல்லலாம். புதுசு எடுக்கிறதெண்டா கொம்பனியைக் கேளும்.”

‘கலப்பு உண்டு’ என்று எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பினாள். பிறகு கம்பனிக்காரரோடு போனில் நின்றபடியே சிங்களத்தில் பேசினாள். இன்னொரு தடவை பார்க்கலாம், ஆனால் போத்தலை நிரப்பும்போது தங்கள் ஆள் பக்கத்தில் நிற்பான் என்றார் அவர்.

மறுபடி அம்மா. “எங்க கைய நம்பாம ஆளு அனுப்புறானா?”

“ஆமாம்மா.”

“கூடப் பொறுக்குனவளுகளுக்கு எந்த மொகத்தோட சொல்றது? மீனம்மா என்னத் தொலச்சிருவா.”

“நான் வந்து சொல்றேன். எல்லாரையும் புள்ளக்காம்பராவுக்கு வரச்சொல்லுங்க,” என்றாள். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது.

“நீ சொன்னா மட்டும் விட்டுருவாளுகளா?”

“விடமாட்டாங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்.”

வெள்ளை மேலங்கியோடு படியிறங்கியவள், பாதியில் திரும்பி வந்து அதைக் கழற்றி நாற்காலியில் எறிந்துவிட்டு மறுபடி ஓடினாள்.